காரணம் என்ற கட்டம்

நீடாமங்கலம் கேட் அடைத்திருந்தது.
பின்சீட்டில், யூரியா சாக்கின் மேல்,
அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது,
எண்ணிவிடக்கூடிய மூச்சு.
அதன் தலையை மடியில் தாங்கியபடி
முழங்கால் வரை சேறு காயாமல்
அறுவடை இயந்திரத்தின் ஓட்டுநர்.
பெயர் செங்கோடன். ஊர் ராசிபுரம் பக்கம்.
இந்த இரண்டைத்தான் கேட்கலாம்.
மூன்றாவது கேள்வி
தொண்டையில் நின்றது, மீன்முள் மாதிரி.

எங்கள் காப்பகத்தில் கதவின் உள்பக்கம்
லேமினேஷன் போட்ட ஒரு தாள்,
ஓரம் பிரிந்து டெட்டால் இறங்கிப் பாதி வெளுத்தது.
கை கழுவு. படம் எடுக்காதே.
மூன்று நாள் ஆகும்வரை பெயர் வைக்காதே.
அழுவதென்றால் வாசலுக்குப் போய் அழு,
உள்ளே இரண்டு கையும் வேண்டும்.
எல்லாம் ராபியா அக்காவின் எழுத்து.
நாலாவது மட்டும் என்னால் வந்தது.

போன ஐப்பசியில், அடைமழையில்,
செருப்புப் பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டியை
முந்தானையால் மூடி எடுத்துவந்தாள் ஒருத்தி.
தீபாவளிக்கு வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பை
ஏன் திறந்துவைத்தாய் என்று கத்தினேன்.
சரியாகத்தான் கத்தினேன். ஒரு சொல் தப்பில்லை.
அவள் வீட்டில் இன்னும் இரண்டு இருந்தனவாம்,
அதே வாளியில் விழுந்தவை.
பால்காரர் சொல்லித் தெரிந்தது.
தெரிந்தபோது தேவைப்படவில்லை.
அன்றிரவு தாள் கதவிலிருந்து இறங்கி மறுபடி ஏறியது:
கொண்டுவருகிறவரிடம் குரல் உயர்த்தாதே.
அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான் போல.

சரக்கு ரயில் வந்தது.
பெட்டி பெட்டியாய் நெல், எங்கேயோ போகிறது.
முப்பத்தெட்டு வரை எண்ணினேன், பிறகு தவறிவிட்டது.
அவர் போன் அடித்தது. வெட்டினார்.
மறுபடி அடித்தது.
மெஷின் நின்றால் மணிக்கணக்கில் காசு,
சம்பா முடிய இன்னும் பத்து நாள்,
அந்தப் பக்கம் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"லைட் வெளிச்சத்துல ரெண்டு கண்ணு தெரிஞ்சுதுங்க,"
என்றார், நான் கேட்காமலே.
"ஓடிரும்னு நெனச்சேன்.
குட்டி போட்டிருக்குன்னு தெரியலீங்க."
மூன்று குட்டி.
அறுக்காமல் விட்ட ஒரு துண்டு வயலின் நடுவில்
கிளீனர் பையன் குந்தியிருக்கிறானாம்
சட்டையைக் கழற்றி அவற்றின் மேல் போட்டுவிட்டு.
தை மாதப் பனி.

முள் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இல்லை.

அக்கா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
"வாங்கண்ணே, காலைப் பாத்து வைங்க, ஈரம்" என்றாள்.
நான் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி. இடம். இனம். கொண்டுவந்தவர்.
கடைசியில் காரணம் என்று
தீப்பெட்டி அகலத்தில் ஒரு கட்டம்.
"நான்தான்னு எழுதிக்குங்க."
"மெஷின்னு போடு," என்றாள் அக்கா,
ஊசியில் மருந்தேற்றியபடி, திரும்பாமல்.
பேனா நின்றது.
பொய் எழுதாதே என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை,
எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.
அறுவடை என்று எழுதினேன்.
மத்தியானம் நானும் சோறு தின்றிருந்தேன்.

குட்டிகளை எடுக்கத் திரும்பினோம்.
கேட் மறுபடி அடைத்திருந்தது.
வெறும் எஞ்சின் ஒன்று பெட்டிகளை விட்டுவிட்டு
மறுமுனைக்குப் போய் மாட்டிக்கொள்ள
முன்னும் பின்னுமாய்.
"பொழைச்சுக்குமாங்க?"
ஏழாவது விதி:
பிழைக்கும் என்றும் சொல்லாதே,
பிழைக்காது என்றும் சொல்லாதே.
ஓரத்து டீக்கடையில் பாய்லர் பற்றவைத்துவிட்டார்கள்.
"டீ குடிப்பமா?" என்றேன்.
போன் அடித்தது.
கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துவிட்டு
இந்தத் தடவை எடுத்தார்.
"கேட்டுல நிக்கறேன்," என்றார்.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
"ஆமாங்க. கேட்டுலதான்."